பெய்ரோனி வளைவுக்கு அறுவை சிகிச்சை: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தப் பிரச்சினையோடு வருகிறவர் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்வதில்லை. முதலில் சிறுநீர்க் கடுப்பு என்பார், பிறகு சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்பார், எழுந்து போகப்போகும் நேரத்தில் திரும்பி நின்று, விறைக்கும்போது உறுப்பு மேல்நோக்கி வளைகிறது, ஓரிடத்தில் கட்டி போலத் தட்டுப்படுகிறது, இது புற்றுநோயா என்று கேட்பார். புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறவும் மாறாது. சிறுநீரியல் மருத்துவராக அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது எதிரில் இருப்பவரின் தோள்கள் இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் சிகிச்சையைப் பற்றிப் பேசவே முடிகிறது. அந்தப் பேச்சில் அறுவை சிகிச்சை எங்கே வருகிறது, எதற்கு எது பொருந்தும், எதை இழக்க வேண்டியிருக்கும் என்பதைப் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

ஆணுறுப்பின் நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு திசுக்குழல்கள் இருக்கின்றன. விறைப்பின்போது ரத்தம் நிறைவது இவற்றில்தான். இவற்றைச் சுற்றி டியூனிகா அல்புஜீனியா என்ற கெட்டியான, ஆனால் விரிந்து கொடுக்கும் உறை ஒன்று இருக்கிறது. உடலுறவின்போது உறுப்பு மடங்குவது போன்ற சிறு காயங்களால் அந்த உறையில் தழும்பு விழுந்து, அது ஆறும் விதம் பிசகி, கெட்டிப்பட்டுவிடுவதையே பெய்ரோனி நோய் என்கிறோம். பல பேருக்கு அடிபட்ட நினைவே இருக்காது. பஞ்சர் ஒட்டிய சைக்கிள் டியூபை டயருக்கு வெளியே வைத்துக் காற்றடித்தால், ஒட்டுப்போட்ட இடம் விரியாமல் நிற்க, மற்ற இடமெல்லாம் விரிந்து, டியூப் அந்தப் பக்கமாகக் கோணிக்கொள்ளும். இங்கே நடப்பதும் அதேதான். தழும்பு மேற்பக்கத்தில் இருந்தால் வளைவு மேல்நோக்கி இருக்கும், இடப்பக்கத்தில் இருந்தால் இடப்பக்கம் இருக்கும், சுற்றிலும் இருந்தால் உறுப்பின் நடுவில் உடுக்கை போன்ற ஒரு ஒடுக்கம் விழும்.

பிரான்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அறுவை மருத்துவராக இருந்த பிரான்சுவா ஜிகோ த லா பெய்ரோனி 1743-இல் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது. 50 வயதையும் அதற்கு மேலும் தொட்டவர்களிடம் அதிகம் காணப்படுகிறது, இளைஞர்களுக்கும் வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், உள்ளங்கையில் நரம்பு தடித்ததுபோல் விரல்கள் மடங்கிப்போகும் டூப்புயித்ரான் நோய் உள்ளவர்களுக்கும் வரும் வாய்ப்புக் கூடுதல். பிறவியிலேயே வளைந்திருக்கும் உறுப்பு வேறு கதை. அதில் தழும்பு இருக்காது, வலியும் இருக்காது.

முதற்படி: நோய் அடங்கும்வரை காத்திருத்தல்

இந்த நோய்க்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் விறைக்கும்போது வலி இருக்கும், வளைவு மாதத்துக்கு மாதம் மாறும். இரண்டாம் கட்டத்தில் வலி அடங்கிவிடும், வளைவு ஒரே அளவில் நிற்கும். முதல் கட்டத்தில் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது. இன்றைக்கு நேராக்கித் தைத்த உறுப்பு, தழும்பு இன்னும் வளர்வதால், அடுத்த தீபாவளிக்குள் மறுபடி வளைந்துவிடக்கூடும். நோய் தொடங்கி 12 மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும், அதில் கடைசி 3 முதல் 6 மாதங்கள் வளைவு கூடாமலும் குறையாமலும் இருந்திருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் கணக்கு.

அந்த ஓராண்டுக் காத்திருப்பில்தான் பலர் பணத்தையும் உடம்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. விடுதி அறையில் மாதம் ஒருமுறை முகாம் போடுகிறவர்கள் தரும் எண்ணெயும் லேகியமும் தழும்பைக் கரைப்பதில்லை. வளைவை எதிர்ப்பக்கமாகக் கையால் முறித்து நேராக்கப் பார்ப்பது இன்னும் மோசம், உறையே கிழிந்துபோகலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் வைட்டமின் ஈ மாத்திரை வளைவை நிமிர்த்தாது, அமெரிக்க சிறுநீரியல் சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுநெறியே அதைத் தர வேண்டாம் என்கிறது. வலிக்கு வலிநிவாரணி, தழும்பில் நேரடியாகப் போடும் ஊசிகள், உறுப்பை மெதுவாக இழுத்துப் பிடிக்கும் கருவி ஆகியவை மருத்துவரின் மேற்பார்வையில் சிலருக்குப் பயன் தருகின்றன. தழும்பின் புரதத்தைச் சிதைக்கும் கொலாஜனேஸ் ஊசிக்கு 2013-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவற்றில் எதை முயன்றாலும் கூடவே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் புகைப்பழக்கத்தை நிறுத்துவதும் இந்த ஓராண்டுக்குள் நடந்தாக வேண்டும், ஏனெனில் பின்னால் புண் ஆறுவது இவ்விரண்டையும் பொறுத்தது.

இரண்டாம் படி: அளந்து, படமெடுத்து வைத்தல்

வீட்டிலேயே செய்யக்கூடியது இது. முழு விறைப்பில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று, எதிரிலிருந்து ஒன்று என்று மூன்று படங்கள் எடுங்கள். முகமோ அறையோ தெரிய வேண்டாம். தேதியைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அதே கோணங்களில் மறுபடியும் எடுங்கள். பள்ளிப் பிள்ளையின் வடிவியல் பெட்டியில் உள்ள பாகைமானியைப் படத்தின் மேல் வைத்தாலே வளைவு ஏறத்தாழ எத்தனை டிகிரி என்று தெரிந்துவிடும். மருத்துவமனையில் வெட்கத்தோடு கைவிரலை மடக்கிக் காட்டுவதைவிட இந்தப் படங்கள் பல மடங்கு உதவும். நோய் அடங்கிவிட்டதா இல்லையா என்பதையும் அவையே சொல்லிவிடும்.

கூடவே நீளத்தையும் அளந்து எழுதி வையுங்கள். தளர்ந்த உறுப்பை முன்பக்கமாக நன்றாக இழுத்துப் பிடித்து, இடுப்பெலும்பில் அளவுகோலை அழுத்தி வைத்து, மொட்டின் நுனிவரை அளப்பது முறை. இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயே உறுப்பைச் சுருக்குகிறது. அளவு குறித்து வைக்காதவர், அறுவைக்குப் பிறகு குறைந்தது அத்தனையும் கத்தியால் குறைந்தது என்று நினைத்து மனம் வெதும்புகிறார்.

மூன்றாம் படி: விறைப்பைச் சோதித்தல்

வளைவைப் பற்றிப் பேச வந்தவரிடம் மருத்துவர் திரும்பத் திரும்ப விறைப்பைப் பற்றிக் கேட்டால் எரிச்சல் வேண்டாம். எந்த அறுவை சிகிச்சை என்பதை வளைவின் கோணத்தைவிட முதலில் முடிவு செய்வது விறைப்பின் உறுதிதான். மாத்திரை இல்லாமல் உறுதியாக விறைக்கிறதா, சில்டெனாஃபில் போன்ற மாத்திரை போட்டால் விறைக்கிறதா, மாத்திரைக்கும் மசியவில்லையா என்ற மூன்று பதில்களில் உங்களுடையது எது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். இங்கே பெருமைக்காகச் சொல்லும் ஒரு பொய், உங்களைத் தவறான அறுவை மேசையில் படுக்க வைத்துவிடும்.

அதைச் சரிபார்க்க, உறுப்பின் பக்கவாட்டில் மெல்லிய ஊசியால் மருந்து செலுத்தி விறைப்பை வரவழைத்து, கோணத்தை அளந்து, டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள். பேப்பவரினோ ஆல்ப்ரோஸ்டாடிலோ செலுத்துவது வழக்கம். ஊசி கொசுக்கடி அளவுக்குத்தான் வலிக்கும். தழும்பில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதுவும் ஸ்கேனில் தெரியும். பரிசோதனை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் விறைப்பு 4 மணி நேரத்தைத் தாண்டி நின்றால், இரவு என்றும் பாராமல் மருத்துவமனைக்குத் திரும்பிவிட வேண்டும். அது அவசர நிலை.

நான்காம் படி: மூன்று வழிகளில் உங்களுடையதை அறிதல்

முதல் வழி பிளிகேஷன், அதாவது தையலிட்டுச் சுருக்குவது. விறைப்பு நன்றாக இருந்து, வளைவு 60 டிகிரிக்குள் இருந்து, ஒடுக்கமோ முறிந்த கிளை போன்ற ஆட்டமோ இல்லாதவர்களுக்கு இது பொருந்தும். தழும்பை இதில் தொடுவதே இல்லை. வளைவின் எதிர்ப்பக்கம், அதாவது நீளமாக இருக்கும் பக்கத்தை, தையல் போட்டுக் குட்டைப்பக்கத்தின் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். ரவிக்கையின் ஒரு பக்கம் தொளதொளவென்று இருந்தால் தையற்காரர் டாட் பிடிப்பதுபோல. ரீட் நெஸ்பிட் 1965-இல் பிறவி வளைவுக்காக விவரித்த முறையில் உறையிலிருந்து சிறு துண்டை வெட்டியெடுத்துத் தைப்பார்கள். பின்னால் வந்த முறைகளில் வெட்டாமலே, கரையாத நூலால் மடித்துத் தைப்பதும் உண்டு. பதினாறு புள்ளி முறை அவற்றில் ஒன்று.

அறுவை அரங்கில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். தோலை மொட்டுக்குக் கீழே வட்டமாகக் கீறி, சட்டைக் கையை மடிப்பதுபோல அடிவரை பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அடியில் மெல்லிய ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டு, பக்கவாட்டில் ஒரு சிறு ஊசி வழியே உப்புநீரைச் செலுத்துகிறார்கள். உறுப்பு நிரம்பி எழுகிறது, நோயாளி இத்தனை காலம் வீட்டில் கண்ட அதே வளைவு விளக்கொளியில் தெரிகிறது. ஊதாநிற மையால் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு இணைப் புள்ளியிலும் நூலைக் கோத்து, முடிச்சை முழுதாகப் போடாமல் ஒரு சுற்று மட்டும் இறுக்கிக் கவ்வியால் பிடித்துக்கொண்டு, மறுபடி உப்புநீர் ஏற்றிப் பார்க்கிறார்கள். இன்னும் கொஞ்சம் சாய்கிறதா, அந்த நூலை இன்னும் இழு. மறுபக்கம் போய்விட்டதா, தளர்த்து. திருப்தியான பிறகுதான் முடிச்சுகள் விழுகின்றன. பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிறது, சிலருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டுமே போட்டுச் செய்வதும் உண்டு.

இதில் கொடுக்க வேண்டிய விலை நீளம். நீண்ட பக்கத்தைக் குறைத்துத்தான் நேராக்குகிறோம் என்பதால், வளைவு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குக் குறையும். சில பேருக்குத் தோலுக்கு அடியில் நூல் முடிச்சு பருக்கைபோலக் கைக்குத் தட்டுப்படும். விறைப்புக்கும் தொடுவுணர்வுக்கும் ஆபத்து குறைவு என்பதுதான் இதன் பெரிய பலம். தகுதியுள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாம் வழி, தழும்பைக் கீறியோ அதில் ஒரு பகுதியை எடுத்தோ, விரிந்த இடைவெளியில் ஒட்டு வைத்துத் தைப்பது. வளைவு 60 டிகிரியைத் தாண்டியவர்கள், ஒடுக்கம் விழுந்தவர்கள், ஏற்கெனவே நீளம் வெகுவாகக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு, விறைப்பு மாத்திரையின் துணை இல்லாமலே உறுதியாக இருந்தால், இதை யோசிக்கலாம். ஒட்டுக்குக் காலிலிருந்து எடுத்த சஃபீனஸ் சிரை, கன்னத்தின் உட்புறச் சவ்வு ஆகியவை பயன்படுகின்றன. மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றிக் குடலிலிருந்தோ பதப்படுத்திய சவ்வுகளும் உண்டு. மதத்தாலோ மனத்தாலோ இவற்றில் ஏதேனும் உங்களுக்கு ஏற்பில்லை என்றால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. கேட்காவிட்டால் பல இடங்களில் சொல்ல மாட்டார்கள்.

குட்டைப் பக்கத்தை நீட்டி நேராக்குவதால் காகிதத்தில் இது சிறந்ததாகத் தெரியும். ஆனால் தழும்பு பெரும்பாலும் மேற்பக்கத்தில் இருக்கிறது, மொட்டுக்குச் செல்லும் உணர்வு நரம்புகளும் ரத்தக்குழாய்களும் அதன் மேலேயே ஓடுகின்றன. அவற்றை மயிரிழை மயிரிழையாகப் பிரித்துத் தூக்கினால்தான் தழும்பையே பார்க்க முடியும். மொட்டு மரத்துப்போவது இதில் அதிகம். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெதுவாக உணர்வு திரும்புகிறது, எல்லோருக்கும் முழுதாகத் திரும்புவதில்லை. ரத்தம் உள்ளே தேங்காமல் கசிந்து புதிதாக விறைப்புக் குறைபாடு வருவதும் பிளிகேஷனைவிடக் கணிசமாகக் கூடுதல். தழும்பு முழுவதையும் வெட்டியெடுக்கும் பழைய வழக்கம் இதனால்தான் பெரும்பாலும் கைவிடப்பட்டு, கீறி விரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சர்க்கரை முற்றியவருக்கும், விறைப்பு ஏற்கெனவே தடுமாறுகிறவருக்கும் இந்த வழியை நான் சொல்வதில்லை. மற்ற இரண்டையும்விட இதற்கு அனுபவமான கை வேண்டும். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாம் வழி செயற்கை உள்வைப்பு. வளைவோடு விறைப்பும் போய், மாத்திரைக்கும் பணியாதவர்களுக்கு வெறும் நேராக்கலால் பயனில்லை. நேராக இருந்தும் உறவு கொள்ள முடியாது. இவர்களுக்கு இரண்டு திசுக்குழல்களுக்குள்ளும் இணையாக இரண்டு தண்டுகளை வைக்கிறார்கள். வளைத்து நிமிர்த்தக்கூடிய அரைக்கெட்டித் தண்டுகள் ஒரு வகை. இந்தியாவிலேயே உருவான ஷா உள்வைப்பு இந்த வகையைச் சேர்ந்தது, இறக்குமதியாகும் கருவிகளைவிட விலை மிகக் குறைவு. மற்றது நீரேற்றும் வகை. தண்டுகள் உறுப்பிலும், பம்பு விதைப்பையிலும், நீர்ப்பை அடிவயிற்றிலும் இருக்கும். பம்பை அழுத்தினால் விறைக்கும், பொத்தானை அழுத்தினால் தளரும். 1973-இல் பிரான்ட்லி ஸ்காட் என்பவரும் அவருடைய குழுவினரும் இதை அறிமுகப்படுத்தினார்கள்.

தண்டுகளை வைத்ததுமே பாதி வளைவு போய்விடுவது உண்டு. மிச்சமிருப்பதை, தண்டுகளில் நீரை நிரப்பி இறுக்கி வைத்துக்கொண்டு, உறுப்பை வளைவின் எதிர்த்திசையில் கையால் 90 விநாடி அழுத்திப் பிடித்துத் தழும்பை உடைக்கிறார்கள். வீட்டில் செய்யாதே என்று மேலே சொன்ன அதே காரியம்தான், உள்ளே தண்டு தாங்கிக்கொண்டிருக்க, மயக்கத்தில், சிறுநீர்க்குழாயைக் காப்பாற்றிக்கொண்டு செய்வதால் இங்கே சிகிச்சையாகிறது. அதற்கும் மசியாத வளைவுக்குக் கீறலும் ஒட்டும் சேர்கின்றன.

உள்வைப்பு வைத்தபின் இயற்கையான விறைப்புக்குத் திரும்ப வழியில்லை என்பதைக் கையெழுத்துப் போடும் முன் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொடுவுணர்வும் உச்சமும் விந்து வெளியேற்றமும் இதனால் போவதில்லை. நோய் குறைத்த நீளத்தை உள்வைப்பு மீட்டுத் தருவதும் இல்லை. நூற்றில் ஓரிருவருக்குக் கிருமி தொற்றலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடும். தொற்றினால் பெரும்பாலும் கருவியை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். நீரேற்றும் கருவி இயந்திரம்தான், பத்தாண்டுகளுக்கு மேல் உழைப்பது வழக்கம் என்றாலும் ஒருநாள் பழுதாகி மாற்ற நேரலாம்.

ஐந்தாம் படி: கையெழுத்துக்கு முன் பேசிக்கொள்ள வேண்டியவை

எந்த வழியானாலும், பயன்படும் அளவுக்கு நேராக்குவதுதான் இலக்கு. அளவுகோல் போன்ற நேர் எவருக்கும் இயற்கையிலும் இல்லை. 20 டிகிரிக்குக் கீழே மிச்சம் இருந்தால் உறவுக்கு அது தடையாக இருப்பதில்லை, அதை வெற்றி என்றே கொள்கிறோம். அதேபோல, வளைவு இருந்தும் உறவுக்கு இடைஞ்சல் இல்லை, மனைவிக்கும் வலியில்லை என்றால் அறுவையே தேவையில்லை. பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மட்டும் கத்தி வைத்துக்கொள்ள வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

முடிந்தால் மனைவியையும் ஒருமுறை அழைத்து வாருங்கள். கணவர் தன்னைத் தவிர்ப்பதற்குக் காரணம் தான்தான் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்த பெண்கள், அந்த அறையில் உண்மையைக் கேட்டு அழுததை மறக்க முடியவில்லை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எதையாவது எடுப்பவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். முன்தோல் இறுக்கமாக உள்ளவர்களுக்கு அறுவையின்போதே சுன்னத்தும் செய்யும்படி சொல்லலாம், இல்லையென்றால் பின்னால் வீக்கத்தில் தோல் மேலும் இறுகக்கூடும். இதையும் சேர்த்தே ஒப்புதல் கேட்பார்கள், படித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: அறுவைக்குப் பின் வரும் வாரங்கள்

பிளிகேஷன் செய்தவர் பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்புகிறார். ஒட்டும் உள்வைப்பும் ஓரிரு நாள் கூடுதல் எடுக்கும், ஓரிரவு சிறுநீர்க் குழாய் போட்டு வைப்பதும் உண்டு. கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது உறுப்பு வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருக்கும். பார்த்துப் பதறாதவர் இல்லை. இரண்டு வாரத்தில் அது வடிந்துவிடும். தோல் தையல் தானாகக் கரைந்து விழும்.

முதல் வாரத்தின் உண்மையான தொல்லை விடியற்காலையில் வருகிறது. தூக்கத்தில் இயல்பாக வரும் விறைப்பு தையலை இழுத்து, சுரீரென்ற வலியோடு எழுப்பிவிடும். எழுந்து சிறுநீர் கழித்துவிட்டுச் சிறிது நேரம் அறைக்குள் நடந்தால் அடங்கும். அதிகம் படுத்தினால் மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்கலாம். இந்த விறைப்பு கெடுதல் இல்லை, ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

ஆறு வாரம் உடலுறவும் கூடாது, சுய இன்பமும் கூடாது. ஐந்தாம் வாரம் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும், அப்போதுதான் தையல் அறுந்து மறுபடி வருகிறவர்கள் அதிகம். ஒட்டு வைத்தவர்களுக்கு, புண் ஆறிய பிறகு தினமும் மெதுவாக நீவி இழுக்கும் பயிற்சியும், இழுவைக் கருவியும், சில மாதங்களுக்குச் சில்டெனாஃபில் வகை மாத்திரையும் சொல்லப்படுவது உண்டு. இவற்றைச் சோம்பலால் விட்டால் ஒட்டு சுருங்கி வளைவு திரும்பலாம். நீரேற்றும் உள்வைப்பு வைத்தவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் பம்பை இயக்கக் கற்றுத் தருவார்கள். முதல் முறை பொத்தான் கைக்கு அகப்படாமல் திணறுவது இயல்பு.

காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் ஏறும் வலி, திடீரென்று ரத்தம் கட்டி உப்புதல், சிறுநீர் போகாமல் நின்றுவிடுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திராமல் அன்றே போய்விடுங்கள்.

மூன்றாம் மாதம் மருத்துவரைப் பார்க்கப் போகுமுன், தொடக்கத்தில் எடுத்த அதே மூன்று கோணங்களில் புதிய படங்கள் எடுத்து, அதே முறையில் நீளத்தையும் அளந்து, பழைய குறிப்போடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். மரத்துப்போன இடம் எங்கே, எவ்வளவு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் அதை ஆறாம் மாதத்தில் மறுபடியும் கேட்பார்.